தலையில் ஒட்டின பஞ்சு

மகள் பூங்கொடி கதவைச் சாத்திக்கொண்டு போனபோது மணி பத்து ஐந்து. ஒரு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். எட்டு மணி நேர ஷிப்டை முப்பத்தொரு வருஷம் ஓட்டியவனுக்கு மூன்று மணி நேரம் ஒரு பெரிய விஷயமா என்று நேற்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தினதும்தான் தெரிந்தது, இது வேறு மாதிரி நேரம். பேத்தி மிதுலா கூடத்தின் நடுவில் பாயில் உட்கார்ந்து கதவையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி கதவை. பதின்மூன்று மாதக் குழந்தை, அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. கீழுதடு மெல்ல வெளியே வந்தது, நின்றது, உள்ளே போனது. நானும் என் உதட்டை அதே மாதிரி வெளியே விட்டு உள்ளே இழுத்தேன். அவளுக்கு அது கவனிக்க வேண்டிய விஷயமாகப் பட்டிருக்க வேண்டும். அழுகையைத் தள்ளிவைத்தாள். தள்ளித்தான் வைத்தாள், கைவிடவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. டீவிக்குப் பக்கத்தில் பூங்கொடியின் பழைய போன் சார்ஜரில் கிடந்தது. அது சும்மா கிடக்கவில்லை. அவள் அதில் லைனில் இருந்தாள். ஆபீஸில் ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பாளாம். இங்கே எழும் சத்தம் அவளுக்குக் கேட்கும், அவள் பேசினால் ஸ்பீக்கரில் எனக்குக் கேட்கும். எனக்குக் கேட்கும் என்றால், காது மெஷின் காதில் இருந்தால். அதில்தான் எல்லாம் இருக்கிறது. பஞ்சு மில்லில், நூல் நூற்கிற ரிங் பிரேமுக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருஷம் நின்ற காது. மெஷின் இல்லாவிட்டால் பிரஷர் குக்கர் விசில் எனக்குப் பக்கத்து வீட்டு விசில். அப்பாவுக்குக் குழந்தை அழுவது கேட்காமல் போனால் என்ன செய்வது என்பதுதான் பூங்கொடியின் பயம். அதை அவள் என்னிடம் நேராகச் சொன்னதில்லை. "பேசிட்டே இருங்கப்பா. நீங்க பேசறது கேட்டுட்டே இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தாள்.

ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லை வைத்து இரண்டு காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று, வீட்டிலேயே குழந்தைக்கு என்னென்ன விளையாட்டுக் காட்டலாம் என்று எங்கிருந்தோ எடுத்து அச்சடித்த தாள். இன்னொன்று அடுத்த தெரு காப்பகத்தின் ஃபாரம். குழந்தையின் பெயர், ரத்த வகை, எந்தப் பால், எப்போது தூங்குவாள், எல்லாம் பூங்கொடி கையெழுத்தில் நிரப்பியாகிவிட்டது. கீழே கையெழுத்து மட்டும் பாக்கி. இன்னைக்கு ஒரு நாள் பார்க்கலாம், அப்புறம் பேசிக்கலாம் என்றாள். ஒரு மணிக்கு வரும்போது எல்லாம் நன்றாக இருந்தால் மிதுலா என்னோடு இருப்பாள். இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து காலை ஒன்பது முதல் சாயந்திரம் ஆறு வரை காப்பகம், நான் மறுபடி சிங்காநல்லூர் ஒற்றை அறைக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை வந்துபோகிற தாத்தா, அவளுக்கு அப்புச்சி. என்னை அவள் போகச் சொல்ல மாட்டாள். ஆனால் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிற ஃபிளாட்டில் நான் எதற்கு? அதுவும் போகட்டும். போன வாரம் ஓசூரிலிருந்து மாப்பிள்ளை பிரவீண் வந்திருந்தபோது, அப்பாவே பார்த்துக்கொள்ளட்டுமே என்று அவர் சொன்னார். அதற்குப் பூங்கொடி சமையலறையில் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "எங்கப்பாவா? எனக்குத் தெரிஞ்ச அப்பா தூங்கிட்டேதான் இருப்பாரு." அன்றைக்கு மெஷினில் புது பேட்டரி. இல்லாவிட்டால் அதுகூடக் காதில் விழுந்திருக்காது. கோபத்தில் சொன்னதில்லை. நான் மனுஷனைக் குறை சொல்கிற பெண்ணை வளர்க்கவில்லை. என் மனைவி ரங்கம் வளர்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். நான் வளர்க்கவே இல்லையே, தூங்கிக்கொண்டுதானே இருந்தேன். அப்படித்தானே இருந்தேன்?

தாளில் முதல் வரி, குழந்தையோடு பேசிக்கொண்டே இருங்கள், எதைப் பற்றி வேண்டுமானாலும். எதைப் பற்றி வேண்டுமானாலும் என்று யாராவது சொன்னால் எனக்கு எதைப் பற்றியும் வராது. அம்மிணி, என்றேன். அவள் பார்த்தாள். அம்மிணி சாப்பிட்டீங்களா, என்றேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் நானே பார்க்க ராகிக் கூழ் சாப்பிட்டிருந்தாள், அது தாடையில் இன்னும் இருந்தது. பொய்க்கேள்வி கேட்கிற கிழவன் என்று நினைத்திருப்பாள். பேச்சு தீர்ந்துவிட்டது. போன் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்போது வேறு வழியில்லாமல் மில்லைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல்லே பஞ்சு மூட்டை வரும் அம்மிணி, அதைப் பிரிச்சுப் புளோ ரூம்ல விடுவாங்க, அங்கே தூசு, கொட்டை எல்லாம் போயிரும், அப்புறம் கார்டிங், அங்கே சீவி விடுவாங்க, உன்ற தலையச் சீவற மாதிரி, அப்புறம் டிராயிங், அப்புறம் சிம்ப்ளெக்ஸ், அப்புறம்தான் நம்ம ரிங் பிரேம். மிதுலா வாயைப் பிளந்து கேட்டாள். சிம்ப்ளெக்ஸ் என்ற வார்த்தை அவளுக்குப் பிடித்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் என் வாயைப் பிடிக்க வந்தாள். நான் சிம்ப்ளெக்ஸ் சிம்ப்ளெக்ஸ் என்று சொல்ல, அவள் ம்ப்பு ம்ப்பு என்று எச்சில் தெறிக்கச் சொன்னாள். போனிலிருந்து பூங்கொடி குரல் வந்தது, என்னப்பா சொல்லிட்டு இருக்கீங்க என்று. மில்லு என்றேன். பாவம்ப்பா அவ, என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. கோன் வைண்டிங் வரைக்கும் போய், லாரியில் ஏற்றி, திருப்பூருக்கு அனுப்பி, மிதுலா போட்டிருந்த சட்டையிலேயே கொண்டுவந்து முடித்தேன். மணி பார்த்தேன். பத்து இருபது.

அடுத்த வரி, காலி பாட்டிலில் பயறு போட்டு மூடிக் குலுக்கக் கொடுங்கள். பூங்கொடி தட்டைப்பயறு போட்டுத் தயாராக வைத்திருந்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்ஸுலேஷன் டேப் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். கொடுத்த பிறகு, டேப்பின் நுனியைப் பிய்த்து வாயில் போட்டால் என்று தோன்றி, வாங்கி நுனியை உள்ளே மடித்து இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அவள் அதைக் குலுக்கவில்லை. உருட்டிவிட்டு அது சோபாவுக்கு அடியில் போவதைப் பார்த்தாள். நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். உருட்டினாள். எடுத்தேன். நான் குனிவதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுவதும்தான் அவளுக்கு விளையாட்டு, பாட்டில் இல்லை என்று ஏழாவது தடவை புரிந்தது. பிறகு பிளாஸ்டிக் பேசினில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டு ஸ்பாஞ்சைப் போட்டேன். இரண்டு விரல் தண்ணீர் போதும் என்று தாளில் இருந்தது, ஆனாலும் நான் அந்தப் பேசினின் விளிம்பை விட்டுக் கையை எடுக்கவில்லை. அவள் பிழிந்தாள், என் வேட்டியில் பிழிந்தாள், தன் தலையில் பிழிந்துகொண்டு அதிர்ந்து போய் என்னை முறைத்தாள், ஏதோ நான் செய்த மாதிரி. துடைத்துச் சட்டை மாற்றினேன். சட்டையில் தலை நுழையும் அந்த ஒரு நொடி முகம் தெரியாமல் போகிறதே, அதில் எனக்குப் பயம். முகம் மேலே வந்து என்னைப் பார்த்ததும் இருவருக்கும் நிம்மதி. அதற்கப்புறம் எவர்சில்வர் டம்ளர்கள். அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது. ஐந்து டம்ளரை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். அவள் தட்டிவிட்டாள். டம்ளர் தரையில் விழும் சத்தம் சாதாரணக் காதுக்கு ஒரு சத்தம், மெஷின் போட்ட காதுக்கு மூளைக்குள் ஆணி. இரண்டாம் தடவை விழுந்தபோது மெஷின் தானாகவே கீச்சென்று கத்தியது. அந்தக் கீச்சு மிதுலாவுக்குக் கேட்டிருக்கிறது. என் மேல் ஏறி, காதைப் பிடித்து, ஒரே இழுப்பில் மெஷினைப் பிடுங்கி வாய்க்குக் கொண்டுபோனாள். நான் இந்த எழுபத்திரண்டு வயதில் அவ்வளவு வேகமாகக் கையை நீட்டியதில்லை.

பிடுங்கிவிட்டேன். வாய்க்குள் போகவில்லை. எச்சில்கூடப் படவில்லை. ஆனால் அதற்குள் ஒரு பேட்டரி இருக்கிறது, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதன் கதவைத் திறந்து பார்த்தேன். இருந்தது. மூடினேன். அதை அப்படியே ஃபிரிட்ஜ் மேல் டப்பாவில் போட்டு மூடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். திறந்து பார்த்தபோது இருந்ததா, இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேனா? எழுந்து போய்ப் பார்த்தேன். இருந்தது. வந்து உட்கார்ந்தேன். நான் இரண்டாம் தடவை திறந்தபோது விழுந்திருந்தால்? மறுபடி போனேன். பேட்டரி இருந்தது, பளபளவென்று, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. மிதுலாவின் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் தடவினேன். ஆறு பல்லும் ஒரு கடியும் கிடைத்தன. சரி. மெஷின் இனி ஒரு மணிக்கு முன்னால் காதில் ஏறாது என்று தீர்மானித்தேன். அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் காது எதற்கு, கண் இருக்கிறதே. அந்தத் தீர்மானத்தில் போன் என் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மெஷினைக் கழற்றினால் உலகம் தூரமாகப் போய்விடும். மின்விசிறி சுற்றுகிறது, சத்தம் இல்லை. மிதுலா டம்ளரைத் தட்டுகிறாள், தூரத்துக் கோவில் மணி மாதிரி ஏதோ ஒன்று. பலருக்கு இது கஷ்டமாக இருக்குமாம். எனக்கு மில்லுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அங்கேயும் அப்படித்தான், சத்தம் அவ்வளவு அதிகமாக இருந்ததால் எந்தச் சத்தமும் இல்லை. வாயசைவில் பேசிக்கொள்வோம். நாலு மெஷின் தள்ளி நிற்கிறவன் டீக்குப் போகலாமா என்பதும், மேஸ்திரி வர்றான் என்பதும், மேஸ்திரியைப் பற்றின மற்ற வார்த்தைகளும் உதட்டிலேயே படித்துவிடலாம். நான் மிதுலாவைப் பார்த்துச் சத்தமில்லாமல் அம்மிணி என்று வாயசைத்தேன். அவள் டம்ளரை நிறுத்தினாள். என் வாயையே பார்த்தாள். பிறகு தன் வாயை அகலமாகத் திறந்து மூடினாள். சத்தம் போட்டாளா இல்லையா எனக்குத் தெரியாது, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தேன், அதிர்வு இல்லை. அந்த வாயைத் திறந்த முகம். அதை எனக்குத் தெரியும். அது பூங்கொடியின் முகம், ரங்கத்தின் முகம், இருவரும் என் தூக்கத்தைக் கலைக்காமல் சிரிக்கிற முகம்.

மில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடு என்றால் ஒரே அறை. கட்டில் போட்டால் நடக்க வழியிருக்காது. எனக்கு மூன்றாம் ஷிப்டு. காலை ஏழு மணிக்கு விட்டு, ஏழரைக்கு வந்து, சாப்பிட்டு எட்டு மணிக்குப் படுத்தால் மதியம் இரண்டு வரைக்கும் தூங்க வேண்டும். தூங்காமல் வேலைக்குப் போனால் விரல் போகும். எங்கள் லைனிலேயே இரண்டு பேருக்குப் போயிருந்தது, அதை ரங்கம் பார்த்திருந்தாள். அதனால் அந்த ஆறு மணி நேரம் வீட்டில் சத்தமே கூடாது என்று வைத்துக்கொண்டாள். ஒரு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரே அறையில் ஆறு மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பது எப்படி என்று யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவளே விளையாட்டுகளைக் கண்டுபிடித்தாள். முந்தானைக்குள் ஒளிந்து, கண்ணை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு வெளியே வருவாள், வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். கவிழ்த்த தட்டில் அரிசி மாவைத் தூவி விரலால் கோடு இழுக்கச் சொல்வாள். வளையலுக்குள் என் கைக்குட்டையை நுழைத்து மெல்ல மெல்ல இழுக்கச் சொல்வாள். மில்லில் வீணாய்ப் போன, நூல் சுற்றுகிற காகிதக் கோன்களை நான் கொண்டுவந்து போட்டிருந்தேன், ஒன்றுக்குள் ஒன்று சொருகினால் துளிச் சத்தம் வராது, பூங்கொடி அதை மேற்கூரை வரைக்கும் அடுக்கிவிடுவாள் போலிருக்கும். சாய்ந்தால் ரங்கம் மடியை விரித்துப் பிடிப்பாள். சிரிப்பு வந்தால் வாயைத் திறந்து, தோள் குலுங்க, சத்தம் மட்டும் இல்லாமல் சிரிக்க வேண்டும். அது சட்டம். இதையெல்லாம் நான் எப்படிப் பார்த்தேன்? தூங்கவில்லை. பதினொரு மணி வாக்கில் ஒரு தடவை விழிப்பு வந்துவிடும். இமையை முழுசாகத் திறக்காமல், மயிரிழை இடைவெளியில் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசை. ரங்கத்தின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. எழுப்பிட்டமுங்களா என்று பதறி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் நான் காலி அறையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஆட்டம் கலைந்துவிடும்.

எல்லா ஆட்டத்திலும் பெரிய ஆட்டம் பஞ்சு எடுப்பது. ஷிப்டு முடிந்து வரும்போது தலையில், புருவத்தில், காதோரத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மாவும் மகளும் முட்டி போட்டு ஊர்ந்து வந்து, நான் விழிக்காதபடி ஒரு துணுக்குப் பஞ்சை இரண்டு விரலால் எடுக்க வேண்டும். எடுத்ததை டம்ளரில் போட வேண்டும். நான் அசைந்தால் இருவரும் அப்படியே சிலையாகிவிட வேண்டும். பூங்கொடி எடுப்பாள், ரங்கம் என் கால்மாட்டில் உட்கார்ந்து பார்ப்பாள். எப்போதும் கால்மாட்டில்தான். ஜன்னல் காற்று அங்கேதான் வருகிறது என்பாள். நான் எனக்கென்று சில வேலைகளை வைத்துக்கொண்டேன். பூங்கொடி எளிதாக எடுத்துவிட்டால் ஆட்டத்தில் சுவை இருக்காது என்று, மூன்றாவது துணுக்குக்கு ஒரு முனகல் முனகுவேன். ஐந்தாவதுக்குத் திரும்பிப் படுப்பேன். ஒரு குறட்டையை நடுவில் நிறுத்தி, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை உணர்ந்து, பிறகு விடுவேன். மில் கேட்டுக்குப் பக்கத்தில் காற்று ஹோஸ் இருந்தது, எல்லோரும் தலையிலும் சட்டையிலும் அடித்துக்கொண்டு சுத்தமாக வீட்டுக்குப் போவார்கள். நான் சட்டைக்கு மட்டும் அடிப்பேன். ஏண்டா ஆறுச்சாமி, தலை நரைச்ச மாப்பிள்ளையாட்டம் போறே, என்று கேலி செய்வார்கள். போகட்டும். பூங்கொடி பள்ளிக்கூடம் சேரும் வரைக்கும், நாலு வருஷம், நான் தலையில் பஞ்சோடுதான் வீட்டுக்கு வந்தேன். அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. ரங்கம் படுத்த படுக்கையாய் இருந்த மாதங்களில் சொல்லலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். இத்தனை வருஷம் கழித்து, நான் தூங்கவே இல்லை என்று சொன்னால், அவள் அவ்வளவு பாடுபட்டுக் காத்த தூக்கத்தை நான் வீணடித்த மாதிரி ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன். அவள் போன பிறகு ஆறு வருஷமாக மனசில் அது ஒன்றுதான். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா. தெரிந்திருக்க முடியாது, கண்ணை அப்படி இறுக்கி வைத்திருந்தேன். தெரியாமலும் இருந்திருக்காது, அவள் ரங்கம். ஆனால் தெரிந்தால் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாளே. போகவில்லை. அப்படியானால் தெரியாது. இந்த இடத்தில் வந்து நின்றுவிடும், ரிங் பிரேமில் நூல் அறுந்த இடம் மாதிரி.

மருந்துப் பெட்டியில் பஞ்சுச் சுருள் இருந்தது. விரல் நுனி அளவுக்குப் பிய்க்கலாம் என்று பார்த்தேன், அது வாய்க்குள் போய்விடும் அளவு. அதனால் உள்ளங்கையை நிரப்பும் அளவுக்குப் பிய்த்தேன், பத்துத் துண்டு. தலையில் எட்டு, தோளில் இரண்டு. மில்லில்கூட இவ்வளவு ஒட்டினதில்லை. பாயில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டேன், முதுகு கதவைப் பார்க்க, முகம் மிதுலாவைப் பார்க்க. இமையில் அதே மயிரிழை இடைவெளி. பழக்கம் போகவில்லை. அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். அப்புச்சி எங்கே போய்விட்டான் என்று யோசிக்கிற மாதிரி. ஒரு விரலால் என் மூக்கைத் தொட்டாள். நான் அசையவில்லை. மூக்குத் துவாரத்தில் விரலை விட்டாள். அசையாமல் இருப்பது ரங்கம் காலத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு பஞ்சைப் பார்த்துவிட்டாள். எடுத்தாள். பஞ்சோடு மூன்று மயிரும் வந்தது. என்னிடம் இருப்பதே கொஞ்சம். அதை வாய்க்குக் கொண்டுபோனால் எழுந்துவிடலாம் என்று கையைத் தயாராக வைத்திருந்தேன். கொண்டுபோனாள், நாக்கில் வைத்தாள், பிடிக்காமல் முகம் சுளித்து டம்ளருக்குள் போட்டாள். டம்ளருக்குள் போடு என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது. நான் ஒரு முனகல் முனகினேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் விரிந்தது. பிறகு அந்த வாய், அந்தத் தோள் குலுங்கல். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இவளுக்கு. போனில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அப்போது ஞாபகம் வந்தது. இப்போது பேசினால் கலைந்துவிடும். இன்னும் ஒன்று எடுக்கட்டும், பிறகு எழுந்து பேசலாம். மூன்றாவது. நாலாவது. இன்னும் ஒன்று. எனக்கு எப்போதும் இன்னும் ஒன்றுதான்.

ஏழாவதுக்கு மிதுலா நிமிர்ந்து என் தலைக்கு மேலே எதையோ பார்த்து முகம் மலர்ந்தாள். பால்கனியில் காக்கா வந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு என் உச்சியிலிருந்து ஒரு துணுக்குப் போனது. இழுப்பே தெரியவில்லை. ஒரு மயிர் நோகவில்லை. பஞ்சு மட்டும் தனியாக எழுந்து போன மாதிரி. குழந்தை கை அப்படி எடுக்காது. அப்படி எடுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான், அவள் ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். ஒரு மூச்சு நேரம் நான் லைன் வீட்டில்தான் கிடந்தேன். பயமே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது, அப்படியா, சரி வா, என்கிற மாதிரி. பிறகு ஹெல்மெட்டின் வியர்வை வாசனை வந்தது. அப்போதும் நான் கண்ணைத் திறக்கவில்லை. சட்டம் சட்டம்தான். குறட்டை ஒன்று ஆரம்பித்து நடுவில் நிறுத்தினேன். தலைக்குப் பின்னால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையானது காது இல்லாமலே எனக்குத் தெரிந்தது. தரை வழியாக ஒரு குலுங்கல் வந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். பூங்கொடி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள், தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது, வாய் திறந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னமெல்லாம் ஈரம். என் காதில் மெஷின் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு வாயசைத்தாள்.

"நீங்க தூங்கலையாப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் மறுபடி வாயசைத்தாள்.

"அப்பவும்?"

"அப்பவுந்தான்," என்றேன். சத்தமாகச் சொன்னேனோ மெதுவாகச் சொன்னேனோ தெரியாது. மிதுலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மெஷினை எடுத்து வந்து அவளே என் காதில் மாட்டினாள். மின்விசிறிச் சத்தமும் மிதுலாவின் மூச்சும் ஃபிரிட்ஜின் உறுமலும் ஒன்றாக வந்து விழுந்தன, கூடவே பூங்கொடியின் கோபமும். பதினொரு தடவை கூப்பிட்டாளாம். முதலில் டம்ளர் விழுந்து, ஒரு கீச்சுக் கேட்டு, அப்புறம் ஒன்றுமே இல்லையாம். அப்பா, அப்பா என்று அவள் கத்தியதை ஆபீஸே திரும்பிப் பார்த்ததாம். பக்கத்து ஃபிளாட்டில் ஒரு நம்பர்கூட வாங்கி வைக்காமல் போய்விட்டோமே என்று வண்டியிலேயே அழுதுகொண்டு வந்தாளாம். சாவி போட்டுக் கதவைத் திறந்தால் நான் நீட்டிப் படுத்துக் கிடக்கிறேன், குழந்தை என் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கேயே உயிர் போய்விட்டது என்றாள். அப்புறம்தான் மிதுலா பஞ்சை எடுக்கிற அந்த இரண்டு விரலைப் பார்த்தாளாம். தப்பு என்னுடையதுதான். மெஷினைக் கழற்றினவன் போனுக்குப் பக்கத்தில் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஃபிரிட்ஜைப் பார்த்தேன். ஃபாரம் அங்கேதான் இருந்தது. பேனா அதன் பக்கத்திலேயே கட்டித் தொங்கியது. முடிந்தது என்று நினைத்தேன். சிங்காநல்லூர் அறைக்கு வாடகை இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், அது ஒன்று நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன்.

பூங்கொடி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். என் வலது கால் பெருவிரலைப் பிடித்து ஆட்டினாள், மிதுலாவின் விரலை ஆட்டுகிற மாதிரி. "அம்மா இதைத்தான் பாக்கச் சொல்லும்ப்பா. அப்பா பெருவெரலு ஆடுனா சிரிக்கறாருன்னு அர்த்தம், நீ எடுத்துட்டே இரு சாமின்னு எங்காதுல சொல்லும். நான் நீங்க கனவுல சிரிக்கறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்." பிறகு அவளுக்கே அப்போதுதான் ஏதோ பிடிபட்ட மாதிரி நிறுத்தினாள். அப்போதெல்லாம் கண்ணை இறுக்கினேன், மூச்சை அளந்து விட்டேன், குறட்டையைக்கூடக் கணக்குப் போட்டு விட்டேன். காலைப் பற்றி நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. நாலு வருஷம் ரங்கம் அங்கே உட்கார்ந்து, காற்று வருகிறது காற்று வருகிறது என்று சொல்லிக்கொண்டு, என் விரலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் சேர்ந்து விளையாட வேண்டும் என்றுதான் எழுந்து போகாமல் இருந்திருக்கிறாள். மிதுலாவின் மேல் கையை வைத்துக்கொண்டேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பூங்கொடி எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து ஃபாரத்தை எடுத்தாள். கையெழுத்துப் போடப் போகிறாள் என்று நான் வேறு பக்கம் பார்த்தேன். காகிதம் மடங்கும் சத்தம் மெஷினில் கேட்டது. திரும்பினால், அதைக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள், பழைய மில் கோன் மாதிரி, அடியை மடக்கிவிட்டு. டம்ளரிலிருந்த பஞ்சையெல்லாம் அதற்குள் கொட்டி மிதுலாவின் மடியில் வைத்தாள். "மெஷின் காதுல இருக்கோணும். அதை அவ புடுங்காத மாதிரி சட்டையில ஒரு கயிறு போட்டுத் தர்றேன். போன் வேண்டாம், பக்கத்து வீட்டுல சொல்லி வைக்கறேன்," என்றாள். காப்பகம் என்றோ திங்கட்கிழமை என்றோ சொல்லவில்லை. "மறுபடி படுங்கப்பா. காதோரத்துல இன்னும் ரெண்டு இருக்கு."

படுத்தேன். கண்ணை மூடினேன். மெஷின் போட்டிருந்ததால் இருவரும் முட்டி போட்டு ஊர்ந்து வருவது கேட்டது, மிதுலாவின் ம்ப்பு கேட்டது, உஷ் என்று பூங்கொடி சொன்னது கேட்டது. கால் பெருவிரலை இந்தத் தடவை தெரிந்தே ஆட விட்டேன்.